விண்ணப்பப் படிவம் என்னும் பிரதி: ஆட்டிசம், நிதி, பெற்றோர் சங்கங்கள்

நிதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் சிறுபத்திரிகைச் சூழலில் இரண்டு வகையான முகச்சுளிப்புகள் எழும். ஒன்று இடதுசாரி முகச்சுளிப்பு. தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்திய வியூகத்தின் ஓர் அங்கமாக விளக்கி பிரகாஷ் காரத் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த வாதம் தொண்ணூறுகள் முழுக்க ஏதோவொரு வடிவத்தில் இங்கே ஒலித்துக்கொண்டே இருந்தது. "அவன் ஃபண்டு வாங்குறவன்ப்பா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் அந்த ஆளின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. இன்னொன்று இலக்கிய முகச்சுளிப்பு. ரசீது, வவுச்சர், தணிக்கை அறிக்கை இவற்றில் கை வைத்தால் மொழி கெட்டுப்போகும் என்று நம்புகிறவர்களுடையது. ஆட்டிசமுடையோருக்காக இயங்கும் சில சிறு அமைப்புகளுக்கு நிதி விண்ணப்பங்கள் எழுதித் தருகிற வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். (கட்டுரை எழுதுற ஆளுக்கு ஃபாரம் எழுதவும் வரும் என்று கூப்பிட்டார்கள்.) அந்த வேலையில் இருந்துகொண்டு பார்த்தால் இரண்டு முகச்சுளிப்புகளுமே வசதியுள்ளவர்களின் முகச்சுளிப்புகளாகத் தெரிகின்றன. விண்ணப்பப் படிவமும் ஒரு பிரதிதான். யார் அதில் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார், எதை எழுத அதில் கட்டமே இல்லை என்று அதைப் படித்துப் பார்க்க முடியும்.

இடதுசாரி விமர்சனத்தின் மையமான வாதம் இதுதான்: அரசு செய்ய வேண்டியதைத் தொண்டு நிறுவனங்களின் தலையில் கட்டிவிட்டு அரசு விலகிக்கொள்கிறது. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் இது பெருமளவு பொருந்தும். ஆனால் விலகிக்கொள்வதற்கு முதலில் அங்கே இருந்திருக்க வேண்டுமே! 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமானோர், செவித்திறன் குறைவு, கை கால் இயக்கக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறைபாடு, மனநோய். ஆட்டிசம் அதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி ஊனமுற்றோர் இருப்பதாகச் சொன்னது. அதிலும் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. கணக்கெடுப்பாளர் அந்தக் குழந்தையை 'மனவளர்ச்சிக் குறைபாடு' என்றோ 'பிற' என்றோ போட்டுக்கொண்டார், அல்லது வீட்டார் சொல்லவே இல்லை. இதில் வேடிக்கை என்னன்னா, எந்த நிதி விண்ணப்பத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே 'தேவை மதிப்பீடு' என்று ஒரு பகுதி இருக்கும்: உங்கள் மாவட்டத்தில் ஆட்டிசமுடையோர் எத்தனை பேர்? அரசு எண்ணாத ஒன்றை நாலு அம்மாக்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் எண்ணிச் சொல்ல வேண்டும்.

அந்த நாலு அம்மாக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து ஆட்டிசம் ஒரு மருத்துவச் சொல்லாடலாகிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அச்சொல்லாடல் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பாசமற்ற, உறைந்துபோன தாயால்தான் குழந்தை இப்படி ஆனது என்பதை புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். இதை எதிர்த்து எழுந்தவைதான் பெற்றோர் சங்கங்கள். லண்டனில் 1962இல் பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் – அவரும் ஒரு தகப்பன்தான் – 1965இல் மற்ற பெற்றோரோடு சேர்ந்து தேசிய அளவில் ஒன்றைத் தொடங்கினார். டெல்லியில் மெரி பரூவா போன்றவர்களின் முன்முயற்சியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' 1991இல் உருவாயிற்று. ஆகவே இந்த அமைப்புகளைக் கிறிஸ்தவ மிஷன் தொண்டின் தொடர்ச்சியாகவோ அந்நிய நிதியின் குழந்தைகளாகவோ மட்டும் பார்ப்பது வரலாற்றுப் பிழை. நிபுணரின் அதிகாரத்துக்கு எதிராக அடுப்படியிலிருந்து எழுந்த குரல்கள் இவை. பின்னால் இவையே தம் பிள்ளைகளின் குரலை எடுத்துக்கொண்டன என்பது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இந்தியச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல் முதன்முதலில் அழுத்தமாக இடம்பெற்றது 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில். ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் என்ற நான்குக்கான சட்டம் அது. அதன்படி மத்திய அரசு ஒரே ஒருமுறை 100 கோடி ரூபாயை வைப்புநிதியாகத் தரும். அதன் வருமானத்தில் காரியம் நடக்கும். கோயிலுக்கு நிலம் எழுதிவைத்து அதன் குத்தகையில் விளக்கெரிப்பது போன்ற ஏற்பாடு. வட்டி எட்டு சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 8 கோடி. எழுநூற்றுச் சொச்சம் மாவட்டங்களுக்கும் பங்கிட்டால் மாவட்டத்துக்கு ஒரு லட்சம் சொச்சம், அதுவும் நான்கு வகை ஊனத்துக்குமாகச் சேர்த்து. பின்னால் வரவு செலவுத் திட்டத்திலிருந்தும் பணம் ஒதுக்கினார்கள். ஆனாலும் தொடக்கத்திலேயே அரசு தன் மனதில் போட்டுக்கொண்ட கணக்கு என்ன என்பதை இந்த வைப்புநிதி காட்டிக்கொடுத்துவிடுகிறது: ஒருமுறை கொடுத்துவிட்டேன், இனி வட்டியில் வாழ்ந்துகொள்.

இந்த அறக்கட்டளையில் பதிவு செய்துகொண்ட அமைப்புகளுக்குச் சில திட்டங்கள் உண்டு. திஷா என்பது பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி. விகாஸ் அதற்கு மேற்பட்ட வயதினருக்கான பகல்நேர மையம். சமர்த் சிறிது காலம் தங்கவைக்கும் இல்லம். கரோண்டா பெரியவர்களுக்கான நிரந்தர இல்லம். 2015இல் இவற்றைத் திருத்தியமைத்து இந்தப் பெயர்களில் நிலைநிறுத்தினார்கள். பிறகு இவற்றில் சிலவற்றை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். (எல்லாம் இந்திப் பெயர்கள். விருதுநகர்ப் பக்கத்து அம்மா ஒருவர் 'நிராமயா'வை 'நிர்மலா கார்டு' என்றே சொல்கிறார், வேலை நடக்கிறது.) நிராமயா 2008இல் வந்த மருத்துவக் காப்பீடு, ஒரு லட்சம் ரூபாய் வரை. பயிற்சிக்கான செலவையும் அது ஏற்கும் என்பதும் வயது வரம்பு கிடையாது என்பதும் முக்கியம். அமைப்புக்கு இதில் பைசா வராது, குடும்பத்துக்கு வரும். அதனாலேயே பல அமைப்புகள் இதில் அக்கறை காட்டுவதில்லை. நான் பார்த்தவரை ஒரு சிறு அமைப்பு முதல் வருடத்தில் செய்யக்கூடிய உருப்படியான காரியம் இதுதான்.

இது தவிர சமூக நீதி அமைச்சகத்தின் தீன்தயாள் மறுவாழ்வுத் திட்டம். சிறப்புப் பள்ளிகளுக்கு ஊதிய மானியம் தருவது. பல தவணை தாமதமாக வரும், வந்தால் பெரிய உதவி. மாநில அரசைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 'ரைட்ஸ்' என்ற திட்டத்துக்கு உலக வங்கி 2022இல் 16.2 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. அதன் கீழ் 'விழுதுகள்' என்று சேவை மையங்கள் வந்தன. தொண்ணூறுகளில் உலக வங்கி என்றால் நமக்கெல்லாம் கட்டமைப்புச் சீரமைப்பு, மானிய வெட்டு, மின்கட்டண உயர்வு. அதே வங்கி ஊனமுற்றோர் உரிமை என்ற சொல்லோடு வருகிறபோது என்ன செய்வது? அது கடன், தானம் அல்ல என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, மையம் நம் தாலுகாவுக்கும் வர வேண்டும் என்று கேட்க வேண்டியதுதான். பெருங்கதையாடலை எதிர்ப்பவர்கள் பிசியோதெரபி வேன் வரும்போது கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

அடுத்து கம்பெனிப் பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறை. சொத்து மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, லாபம் 5 கோடி இவற்றில் எதையாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டு லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சிறப்புக் கல்வி இடம்பெற்றிருப்பதால் ஆட்டிசம் அதற்குள் வரும். வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். முதலில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்தது. 2010இல் புதிய சட்டமானது. 2020 திருத்தத்தில் கழுத்தை இறுக்கியது. இந்தத் திருத்தத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் பெரிய மனித உரிமை அமைப்புகளை மனதில் வைத்து. சிறு சங்கங்களுக்கு உண்மையான அடி வேறொரு பிரிவில் விழுந்தது: வெளிநாட்டு நிதி பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து தரக்கூடாது. அதுவரை சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, அதில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று மாவட்டத்துச் சங்கங்களுக்குப் பிரித்துத் தர முடிந்தது. அந்த வாய்க்கால் அடைபட்டது. நேரடியாகப் பதிவு செய்யலாமே என்றால், மூன்று ஆண்டுகள் இயங்கி 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும்.

இந்த 'மூன்று ஆண்டு' எல்லா இடத்திலும் வரும். கம்பெனிப் பணத்துக்கான பதிவும் மூன்றாண்டு அனுபவம் கேட்கிறது. சங்கப் பதிவு (தமிழ்நாட்டில் 1975 சட்டப்படி ஏழு பேர் வேண்டும்), பான் எண், இன்றும் எல்லோரும் 12ஏ, 80ஜி என்றே சொல்லும் வருமான வரிப் பதிவுகள், நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண், 2016 சட்டத்தின் கீழ் பதிவு, அறக்கட்டளைப் பதிவு என்று ஏணிப்படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்று. சுருக்கமாகச் சொன்னால் மூன்று வருஷம் பணமே இல்லாமல் நீ உயிரோடு இருந்து காட்டு, அப்புறம் பணம் தருகிறேன் என்பதுதான் விதி. யாரால் அப்படி இருக்க முடியும்? சொந்த வீட்டின் ஒரு பகுதியைத் தரக்கூடிய டாக்டர் வீட்டம்மாவால் முடியும், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியால் முடியும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்ணால் முடியாது. ஆட்டிசம் 'படித்தவங்க வீட்டு நோய்' என்ற பிம்பம் நம்மிடையே உருவானதில் இந்த விதிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சாதி பார்த்து ஆட்டிசம் வருவதில்லை. சங்கம் வைப்பது சாதி வர்க்கம் பார்த்துத்தான் வருகிறது.

*

இனி படிவத்துக்குள் போவோம். நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கியது. 2016இல் மத்திய அரசு அதைச் சான்றிதழுக்கான கருவியாக அறிவித்தது. நாற்பது கூறுகள். கண்ணைப் பார்க்கிறானா, தனியாக இருக்கிறானா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறானா, வலி தெரிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 40க்கும் 200க்கும் இடையில் வரும். 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. 70 மதிப்பெண் வாங்கினால் 40 சதவீத ஊனம். இந்த 40 சதவீதம்தான் சலுகைக் கதவின் தாழ்ப்பாள்.

இப்போது ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள், 73 மதிப்பெண். மருத்துவக் குழுவின் முன்னால் அவன் எவ்வளவு மோசமாக நடந்துகொள்கிறானோ அவ்வளவு நல்லது. "இன்னைக்குன்னு பாத்து சமத்தா உக்காந்துட்டான்ணே, டாக்டரைப் பாத்துச் சிரிக்க வேற செஞ்சுட்டான்" என்று ஒரு தாய் என்னிடம் சொல்லி அழுததை நான் எந்த இலக்கியத்திலும் படித்ததில்லை. மகனின் சிரிப்பு அவளுக்கு நட்டமாகிறது. அதே பையன் மறுவாரம் சங்கத்தின் மையத்துக்கு வருகிறான். அங்கே நிதி தரும் கம்பெனிக்குக் காலாண்டு அறிக்கை போக வேண்டும். அறிக்கையில் 'அடிப்படை நிலை', 'இலக்கு', 'எட்டிய முன்னேற்றம்' என்று மூன்று பத்தி. இங்கே அவன் முன்னேற வேண்டும். கண்ணைப் பார்ப்பதில் ஒரு புள்ளி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில் ஒரு புள்ளி, காத்திருப்பதில் ஒன்று, தொடுதலைப் பொறுத்துக்கொள்வதில் ஒன்று. நான்கு புள்ளி குறைந்தால் 69. தற்காலிகச் சான்றிதழ் என்றால் மறுபரிசோதனை உண்டு. கம்பெனி கைதட்டும் அதே எண், அரசு அலுவலகத்தில் அவனைச் சட்டப்படி இல்லாதவனாக்கிவிடும்.

ஆகவே ஒரே குழந்தைக்கு இரண்டு கோப்புகள், இரண்டு தன்னிலைகள். ஒன்றில் அவன் முடியாதவன், மற்றதில் அவன் வெற்றிக்கதை. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்குக் கோப்பு என்பது ஓர் உடலை எப்படி ஆள்கிறது என்று சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று பொய்யாக்கும் நிலையில், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் தாயின் நிலையைக் கோட்பாடு இன்னும் எழுதவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, இரண்டுமே உண்மைதான். அவன் சில நாள் சிரிப்பான், சில நாள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். எண் ஒரு நாளை எடுத்துக்கொண்டு மற்ற நாளை அழித்துவிடுகிறது.

முன்னேற்றத்தை எண்ணால் கேட்கும் பழக்கத்துக்கும் ஒரு தோற்றுவாய் உண்டு. கலிஃபோர்னியாவில் இவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு. வாரத்துக்கு 40 மணிநேரத் தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் 'இயல்பாகச் செயல்படும்' நிலையை எட்டினார்கள் என்றது அது. அந்த ஆய்வின் முறை பற்றியும் அது பயன்படுத்திய தண்டனைகள் பற்றியும் ஏகப்பட்ட சர்ச்சை. ஆனால் நிதி தருகிறவர்களுக்கு அது ஒரு மொழியைக் கொடுத்துவிட்டது: இவ்வளவு மணி போட்டால் இவ்வளவு இயல்பு கிடைக்கும். முதலீடு, வருவாய். அந்த மொழியில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைதான் லாபகரமானது. கம்பெனிகளின் படிவங்கள் எல்லாமே ஆரம்பநிலைக் குழந்தைகளையே கேட்பது இரக்கத்தால் அல்ல, இந்தக் கணக்கால்தான். கம்பெனிச் சட்டப்படி நீடிக்கும் திட்டமென்றால்கூடத் தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டுதான். ஆட்டிசமோ அறுபது எழுபது ஆண்டு. முப்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர், தினமும் அதே பாயில் அதே மூலையில் உட்கார்ந்து பழைய காலண்டர்த் தாள்களை ஒரே அளவில் கிழிக்கிறார். அமைதியாக இருக்கிறார். அவருக்கு எந்த முன்னேற்றமும் ஆகவில்லை, பின்னடைவும் ஆகவில்லை. அவரோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த 'உட்கார்ந்திருத்தல்' எந்தத் தலைப்பில் வரும்? நான் பார்த்த ஒரு படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. "எங்க காலத்துக்கு அப்புறம் இவன என்ன செய்ய?" என்று எல்லாப் பெற்றோரும் கேட்கும் ஒரே கேள்விக்கு, கரோண்டா வகை இல்லங்கள் தவிர நிதிச் சொல்லாடலில் பதிலே இல்லை, அந்த இல்லங்களோ எண்ணிக்கையில் மிகக் கொஞ்சம்.

உட்கார்ந்திருப்பவரின் சம்பளம் என்று கேட்டால் கம்பெனிக்காரர் "அது ரெக்கரிங் ஆச்சே சார்" என்பார். ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) ஊஞ்சலும் வண்ண விளக்குகளும் பந்துகளுமாக ஒரு புலன் பயிற்சி அறை கட்டித் தந்தது; சுவரில் தன் சின்னத்தையும் பெரிதாக எழுதிக்கொண்டது. அதை இயக்கத் தெரிந்த ஆளுக்கு மாதச் சம்பளம் தர மறுத்துவிட்டது. அறை பூட்டிக் கிடக்கிறது. வெளிநாட்டு நிதிச் சட்டமும் 2020இல் நிர்வாகச் செலவை 50 சதவீதத்திலிருந்து 20ஆக வெட்டியது. ஆசிரியையின் சம்பளம் அதில் சேராது என்று விதி சொல்கிறது, நல்லது. ஆனால் வாடகை, கரண்டு பில், கணக்கு எழுதுவது, அறிக்கை தயாரிப்பது எல்லாம் நிர்வாகச் செலவு. ஏராளமாக அறிக்கை கேட்பார்கள், அறிக்கை எழுதும் செலவைக் குறைக்கச் சொல்வார்கள். பெரிய நிறுவனம் இதைச் சமாளிக்கும். வாடகை வீட்டில் பன்னிரண்டு பேரோடு நடக்கும் மையத்துக்கு வாடகையே பாதிச் செலவு.

இன்னொரு பூட்டு, தகுதி. இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992இல் வந்தது. அதன் பதிவேட்டில் இருப்பவர்தான் சிறப்பாசிரியர். போலிகளைத் தடுக்க அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டு தன் மகனோடு இருந்து, குக்கர் மூன்றாம் விசில் அடிப்பதற்கு முன்னால் அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போகத் தெரிந்த தாயின் அறிவு, படிவத்தில் 'தன்னார்வலர்' என்ற கட்டத்தில், சம்பளம் பூஜ்யம் என்று பதிவாகிறது. பெண்ணின் உழைப்பை உழைப்பு இல்லை என்று ஆக்கும் பழைய தந்திரம்தான், இங்கே அரசு முத்திரையோடு.

குக்கர் விசிலைச் சொன்னது ஒரு காரணத்துக்காக. தமிழக அரசின் ஆவணங்களில் ஆட்டிசமுடையோருக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர், 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்'. வசைச் சொற்களைத் துரத்திவிட்டு மாற்றுத் திறனாளி என்ற சொல்லை உருவாக்கிய அதே தமிழ்தான் இதையும் உருவாக்கியது. விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சுருள்பவனுக்குப் புற உலகம் இல்லாமல் போகவில்லை. அளவுக்கு மீறி இருக்கிறது. மிக்ஸி, பஸ் ஹாரன், டியூப்லைட்டின் ரீங்காரம், சட்டைக் காலரின் பின்பக்கத் துணித்துண்டு என்று எல்லாம் ஒரே நேரத்தில் அவன்மேல் விழுகின்றன. பெயர் இதைத் தலைகீழாக்குகிறது. பெயர் தலைகீழானால் நிதியும் தலைகீழாகும்: அவனை 'வெளியே கொண்டுவர' பயிற்சிக்குப் பணம் கிடைக்கும், அவன் இருக்கும் வகுப்பறையின் மின்விசிறியைச் சத்தமில்லாததாக மாற்றக் கிடைக்காது.

இங்கேதான் பெற்றோர் சங்கம் பற்றி முன்பு நிறுத்திய பேச்சுக்கு வர வேண்டும். அமெரிக்காவில் 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' 2005இல் தொடங்கப்பட்டது. தொலைக்காட்சித் துறையின் பெரிய நிர்வாகி ஒருவரும் அவர் மனைவியும், பேரனுக்கு ஆட்டிசம் என்பதால் தொடங்கியது. பணத்தைக் கோடிக்கணக்கில் திரட்டியது. நீச்சல் வகுப்பு, கோடை முகாம் என்று உள்ளூர் அமைப்புகளுக்குச் சிறு மானியங்களும் தந்தது. ஆனால் ஆட்டிசத்தை ஒழித்துக்கட்ட வேண்டிய எதிரியாகவே அது பேசியது. 2006இல் அந்நாட்டில் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'போரிடுதல்' இருந்தது. அதே 2006இல் ஆட்டிசமுடையவர்களே ஒரு சுயவாதிடல் அமைப்பைத் தொடங்கினார்கள். எங்கள் பெயரால் பேசுகிற அமைப்பின் நிர்வாகக் குழுவில் எங்களில் ஒருவர்கூட இல்லையே என்று கேட்டார்கள். ஜிம் சின்க்ளேர் 1993இலேயே, எங்களுக்காக ஒப்பாரி வைக்காதீர்கள் என்று பெற்றோரை நோக்கிப் பேசியிருந்தார். எதிர்ப்பு பலித்தது. 2014இல் சட்டத்தின் பெயர் மாறியது. 2015இல் நிர்வாகக் குழுவில் ஆட்டிசமுடையோர் அமர்ந்தார்கள். 2016இல் 'குணப்படுத்தல்' என்ற சொல்லை அந்த அமைப்பு தன் குறிக்கோளிலிருந்து எடுத்துவிட்டது. பணம் தருகிறவரின் சொற்களை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று, பத்தாண்டு பிடித்தாலும். இதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. அங்கே பெற்றோரை எதிர்த்துப் பேசியவர்களுக்குப் பின்னால் பள்ளியும் சட்டமும் ஓரளவு நின்றன. இங்கே பெற்றோரைத் தவிர வேறு யாரும் நிற்கவில்லை. பெற்றோரைத் தள்ளிவிட்டுப் பேசும் தீவிரம் இங்கே பிள்ளையையும் தெருவில் தள்ளும்.

அப்படியென்றால் ஒரு சிறு சங்கம் என்ன செய்ய? எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். சம்பளத்தையும் வாடகையையும் உள்ளூர்ப் பணத்தில் வையுங்கள்: பெற்றோர் சந்தா, கடைத்தெரு நன்கொடை, கல்யாண வீட்டு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. அது சிறியது, ஆனால் அறிக்கை கேட்காது. கட்டடம், வேன், கருவி இவற்றுக்கு மட்டும் கம்பெனிக்குப் போங்கள். அதை நடத்தும் ஆளின் மூன்றாண்டுச் சம்பளத்தையும் சேர்த்துத் தராவிட்டால் கருவியை வாங்காதீர்கள். அரசு மானியத்தை வரவேண்டிய பாக்கியாக எழுதிவையுங்கள், வருமென்று நம்பி ஆள் எடுக்காதீர்கள். வெளிநாட்டுப் பதிவுக்காக ஓடுவது சின்னச் சங்கத்துக்கு வீண். முன்னேற்றம் என்ற பத்தியில் குழந்தையின் மாற்றத்தை எழுதுவதற்குப் பதில் சூழலின் மாற்றத்தை எழுதுங்கள்: எத்தனை வகுப்பறையில் சத்தம் குறைந்தது, எத்தனை நடத்துநர்கள் அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள், எத்தனை அம்மாக்கள் மாதத்தில் ஒரு நாள் தூங்கினார்கள். இப்படி எழுதிய விண்ணப்பம் ஒன்று நிராகரிக்கப்பட்டது, இரண்டு ஏற்கப்பட்டன. எண்தான் வேண்டும் என்றால் எதை எண்ணுவது என்பதையாவது நாம் சொல்லலாம்.

பணத்துக்கு வெளியே ஒன்று. பதினெட்டு வயதுக்கு மேல் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும் அதிகாரம், 1999 சட்டப்படி, மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் இருக்கிறது. அதில் மூன்று பேர்: மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, ஊனமுற்ற ஒருவர். அந்த மூன்றாமவர் யார்? '1995 சட்டம் வரையறுத்தபடி' ஊனமுற்றவர் என்கிறது பிரிவு 13. 1995 சட்டத்தில் ஆட்டிசமே இல்லை என்று முன்பு சொன்னேன். அதாவது ஆட்டிசமுடையோருக்கான சட்டம், ஆட்டிசம் மட்டும் உடைய ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார முடியாதபடி எழுதப்பட்டிருந்தது. 2016 சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு ஆட்டிசத்தையும் சேர்த்தது, பழைய சட்டத்தை நீக்கியது. நீக்கப்பட்ட சட்டத்தைச் சுட்டும் இடங்களில் அதற்கு மாற்றாக வந்ததை வைத்துப் படிக்க வேண்டும் என்று 1897ஆம் வருடத்துப் பொதுக்கூறுகள் சட்டம் சொல்கிறது. எனவே இப்போது அந்த நாற்காலியில் ஆட்டிசமுடைய ஒருவர் உட்காரத் தடையில்லை. உங்கள் மாவட்டத்தில் அதில் உட்கார்ந்திருப்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தது எப்படி, குழு கடைசியாகக் கூடியது எந்தத் தேதியில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். நாங்கள் மூன்று மாவட்டங்களில் கேட்டிருக்கிறோம்.